சிறுநீரகத்தைச் சிதைப்பது எது?

முகம் வீங்கி, கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு வரும் நோயாளியின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காய்ச்சிப் பார்ப்பது, லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ரிச்சர்டு பிரைட் என்ற மருத்துவரின் வழக்கம். சிலருடைய சிறுநீர் கொதித்து ஆவியாகும், அவ்வளவுதான். வேறு சிலருடையதோ வெந்த முட்டையின் வெள்ளைக்கருவைப் போலத் திரண்டுவிடும். இரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது என்பதற்கு அது அடையாளம். இத்தகைய நோயாளிகள் இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்தால் சிறுநீரகங்கள் கெட்டிருக்கும். நீர்வீக்கம், புரதம் கலந்த சிறுநீர், கெட்ட சிறுநீரகம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை 1827-ஆம் ஆண்டில் பிரைட் நூலாக எழுதி வெளியிட்டார். அதன்பின் நெடுங்காலம் இந்த நோய்க்குப் 'பிரைட்டின் நோய்' என்றே பெயர் வழங்கியது.

சிறுநீரகம் கெட்டது என்பது தெரிந்துவிட்டது. கெடுத்தது எது? இக்கேள்விக்கு விடை தேடி மருத்துவ உலகம் நடந்த வழி மிக நீண்டது. நான் கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவன். ஒரு மின்சுற்றில் பழுது எங்கே என்று அறிய வேண்டுமானால், ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றிவிட்டு என்ன நிகழ்கிறது என்று பார்க்கும்படி மாணவர்களிடம் சொல்வேன். சிறுநீரக அழற்சியின் வரலாற்றைப் படித்தபோது, அங்கும் இதே முறைதான் மீண்டும் மீண்டும் வெற்றி பெற்றிருப்பதைக் கண்டேன். அதனால்தான் இந்தக் கதையை உங்களுக்குச் சொல்ல முன்வந்தேன்.

வடிகட்டியின் அமைப்பு

முதலில் சிறுநீரகத்தின் வேலையைச் சற்று நினைவுபடுத்திக் கொள்வோம். நம்முடைய ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. ஒவ்வொரு வடிகட்டியும் தந்துகிகள் சுருண்டு அமைந்த ஒரு சிறு பந்து. அதன் குறுக்களவு சுமார் 0.2 மில்லிமீட்டர். இதற்குக் கிளாமருலஸ் என்று பெயர். இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்கே செல்கிறது. ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீர் இந்தப் பந்துகளின் வழியே வடிகிறது. அதில் பெரும்பகுதி மீண்டும் உறிஞ்சப்பட்டு, சுமார் ஒன்றரை லிட்டர் மட்டுமே சிறுநீராக வெளியேறுகிறது.

நீரும் உப்பும் வடிய வேண்டும். புரதமும் இரத்த அணுக்களும் வடியக்கூடாது. இந்தப் பாகுபாட்டைச் செய்வது, தந்துகிச் சுவரில் உள்ள ஒரு மெல்லிய சவ்வும் அதன் இருபுறமும் உள்ள அணுக்களும் ஆகும். இந்தச் சுவர் சிதைந்தால் புரதம் ஒழுகும். இரத்தமும் கலந்து வரும். பந்து முழுதும் அடைபட்டால் நீர் வடிவதே நின்றுபோகும். இத்தகைய அழற்சியைப் பற்றியே இங்கே பேசுகிறோம்.

இடையில் கழிந்த நாட்கள்

பிரைட்டுக்கும் முன்பே, 1812-இல், வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர் ஒரு விந்தையைக் குறித்து வைத்திருந்தார். தொண்டைப் புண்ணும் உடலெங்கும் செந்தடிப்புமாக வரும் ஸ்கார்லெட் காய்ச்சல் குழந்தைகளைப் பற்றிக் கொள்ளும், பிறகு ஆறிவிடும். ஆனால் ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து, நன்றாக விளையாடிக் கொண்டிருக்கும் குழந்தையின் முகம் திடீரென்று வீங்கும். சிறுநீரில் புரதம் தோன்றும். காய்ச்சலை உண்டாக்கியவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் என்பது பிற்காலத்தில் தெரிய வந்தது. ஆனால் அந்தக் கிருமிகள் சிறுநீரகத்தில் குடியேறியிருக்கவில்லை. தீ தொண்டையில் பிடித்தது, சிறுநீரகம் கருகியது, அதுவும் தீ அணைந்து பல நாட்கள் சென்றபின்!

இந்த இடைவெளிக்கு முதன்முதலில் பொருள் கண்டவர்கள் வியன்னா நகரின் குழந்தை மருத்துவர்கள் இருவர்: கிளெமென்ஸ் ஃபான் பிர்கே, பேலா ஷிக். அக்காலத்தில் தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரையின் சீரத்தை ஊசி மூலம் செலுத்துவார்கள். அந்தச் சீரத்தில் நோய் நஞ்சை முறிக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. ஊசி பல குழந்தைகளின் உயிரைக் காத்தது. ஆனால் 8 முதல் 12 நாட்கள் கழித்துச் சில குழந்தைகளுக்குக் காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி, வீக்கம், சிலருக்குச் சிறுநீரில் புரதம் எனப் புதுத் தொல்லைகள் தோன்றின. 1905-இல் இருவரும் வெளியிட்ட நூலில் இதற்கு 'சீரம் நோய்' என்று பெயரிட்டு விளக்கம் தந்தனர். குதிரைப் புரதத்தை அந்நியப் பொருளாகக் கண்ட உடல், அதற்கு எதிர்ப்பொருளை உருவாக்கச் சில நாட்களை எடுத்துக் கொள்கிறது. எதிர்ப்பொருள் உருவாகும் நேரத்தில் குதிரைப் புரதம் இன்னும் இரத்தத்தில் மிச்சம் இருந்தால், இரண்டும் மோதுகின்றன. அந்த மோதலே நோய்.

ஸ்கார்லெட் காய்ச்சலுக்குப் பின் வரும் சிறுநீரக நோயும் இவ்வாறு வருவதே என்று ஷிக் கருதினார். நம்மைக் காக்க எழுந்த எதிர்ப்பே நம் உறுப்பைத் தாக்குகிறது என்ற எண்ணம் அந்நாளில் பலருக்கு வியப்பையே தந்திருக்கும். ஆனால் அது வெறும் ஊகமாக இருந்தது. சோதனை வேண்டுமே!

வாத்தின் சீரம்

அந்தச் சோதனையை 1930-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மாசுகி என்ற நோயியல் அறிஞர் செய்தார். முயலின் சிறுநீரகத்தை அரைத்து வாத்துகளுக்கு ஊசி போட்டார். வாத்தின் இரத்தத்தில் முயல் சிறுநீரகத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் தோன்றின. அந்த வாத்தின் சீரத்தை எடுத்து நல்ல முயல்களுக்குச் செலுத்தினார். முயல்களுக்குக் கிளாமருலஸ் அழற்சி வந்தது. மனித நோயை அப்படியே ஒத்திருந்தது. கிருமி இல்லை, விஷம் இல்லை. எதிர்ப்பொருள் ஒன்றே போதுமானதாக இருந்தது.

ஆனால் இங்கும் ஒரு புதிர். ஊசி போட்ட அன்றே நோய் வரவில்லை. சுமார் ஒரு வாரம் கழித்தே வந்தது. வாத்தின் எதிர்ப்பொருள் சிறுநீரகத்தில் ஒட்டிக்கொண்ட பின்பும் ஏன் இந்தத் தாமதம்? 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கே என்பவர் இதை ஆராய்ந்தார். முயல் தன் பங்குக்கு, வாத்துப் புரதத்துக்கு எதிராக எதிர்ப்பொருளை உருவாக்கும்வரை நோய் காத்திருக்கிறது என்பது அவர் எண்ணம். முயல்களின் மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, எதிர்ப்பொருள் உருவாக்கும் திறனை அவர் ஒடுக்கினார். நோய் தடைப்பட்டது. ஆக, வாத்தின் எதிர்ப்பொருள் ஒட்டிக்கொண்டிருப்பது மட்டும் போதாது. சுற்றில் ஓர் இணைப்பைக் கழற்றினால் விளக்கு அணைந்துவிட்டது! இந்த ஒரு சோதனையிலேயே பின்னர் வரப்போகும் அறிவின் வித்து அடங்கியிருந்தது.

ஒளிரும் சாயமும் கதிரியக்க அயோடினும்

அடுத்த முன்னேற்றத்துக்குப் பௌதிகமும் ரசாயனமும் கைகொடுத்தன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் கூன்ஸ் 1941 முதல் ஒரு புதிய முறையை வளர்த்து வந்தார். எதிர்ப்பொருளுடன் ஒளிரும் சாயம் ஒன்றை இணைத்து, திசுவின் மெல்லிய சீவலின்மீது ஊற்றிக் கழுவி, புற ஊதாக் கதிரில் நுண்ணோக்கியால் பார்ப்பது அம்முறை. எதிர்ப்பொருள் எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும் இருட்டில் பசுமையாக ஒளிரும். அதுவரை ஊகத்தில் மட்டும் இருந்த ஒன்று கண்ணுக்கே தெரியலாயிற்று. நோயாளிகளின் சிறுநீரகச் சீவல்களில் இரண்டு விதமான காட்சிகள் கிடைத்தன. சிலரிடம் தந்துகிச் சுவர் முழுவதும் கோடு இழுத்தாற்போல ஒரே சீராக ஒளிர்ந்தது. வேறு பலரிடம் சுவரில் அங்கங்கே மணிமணியாக, கட்டிகட்டியாக ஒளிர்ந்தது.

இந்த மணிகளுக்கு விளக்கம் தந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்க அறிஞர் ஃபிராங்க் டிக்சன். மாட்டுப் புரதம் ஒன்றில் கதிரியக்க அயோடின்-131ஐ இணைத்து முயல்களுக்குச் செலுத்தினார். எட்டு நாள் அரைவாழ்வு கொண்ட அயோடின் அது. கருவி கொண்டு அதன் அளவை நாள்தோறும் கணிக்கலாம். முதல் சில நாட்கள் இரத்தத்தில் புரதத்தின் அளவு மெல்லக் குறைந்து வந்தது. பிறகு சட்டென்று விழுந்தது. முயல் உருவாக்கிய எதிர்ப்பொருள் மாட்டுப் புரதத்தோடு பிணைந்து கூட்டுத்துகள்களாக மாறிய நேரம் அது. சரியாக அதே வேளையில் சிறுநீரகத்திலும் இரத்தக்குழாய்களிலும் அழற்சி தோன்றியது. மாட்டுப் புரதம் முற்றிலும் நீங்கியதும் முயல்கள் தேறின. 1958-இல் வெளிவந்த இந்த ஆய்வு, அரை நூற்றாண்டுக்கு முன் பிர்கேயும் ஷிக்கும் சொன்னது சரியே என்று அளந்து காட்டியது.

கோடுபோல ஒளிரும் வகை வேறு. இதில் எதிர்ப்பொருள் வடிகட்டிச் சவ்வின்மீதே நேராகப் பாய்கிறது. 1967-இல் லெர்னர், கிளாசாக், டிக்சன் மூவரும் இத்தகைய நோயாளிகளின் சிறுநீரகங்களிலிருந்து எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துக் குரங்குகளுக்குச் செலுத்தினர். குரங்குகளுக்கும் அழற்சி வந்தது. மனிதனின் எதிர்ப்பொருளே குற்றம் புரிகிறது என்று வழக்கு முடிந்தாற்போலத் தோன்றியது.

எதிர்ப்பொருள் உண்டு, நோய் இல்லை

ஆனால் வழக்கு முடியவில்லை. டிக்சனின் கூட்டத்திலேயே வேறொரு சோதனை 1965-இல் வெளிவந்திருந்தது. கோக்ரேன், ஊனானுவே, டிக்சன் ஆகியோர் விலங்குகளுக்குச் சிறுநீரகத்தைத் தாக்கும் சீரத்தைக் கொடுத்தனர். சில மணி நேரத்தில் கிளாமருலஸில் வெள்ளையணுக்கள் திரண்டன. சிறுநீரில் புரதம் ஒழுகியது. பிறகு, வெள்ளையணுக்களை முன்கூட்டியே நீக்கிய விலங்குகளுக்கு அதே சீரத்தைக் கொடுத்தனர். எதிர்ப்பொருள் வழக்கம்போல வந்து ஒட்டியது. ஆனால் புரத ஒழுக்கு வெகுவாகக் குறைந்தது. இரத்தத்தில் உள்ள 'காம்ப்ளிமென்ட்' என்ற புரதத் தொகுதியைக் குறைத்துவிட்டுச் செய்தாலும் அப்படியே நிகழ்ந்தது.

இதன் பொருளைச் சிந்தித்துப் பாருங்கள். எதிர்ப்பொருள் சுவரைத் தானே இடிப்பதில்லை. அது வீட்டுச் சுவரில் ஒட்டப்பட்ட ஓர் அடையாளச் சீட்டு, அவ்வளவே. அந்தச் சீட்டைக் கண்டு யாரோ குரல் கொடுக்கிறார்கள். அந்தக் குரலைக் கேட்டு இடிப்பவர்கள் வருகிறார்கள். அப்படியானால் குரல் எது?

காம்ப்ளிமென்ட் என்பது புதிய பொருள் அன்று. 1890-களில் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஜூல்ஸ் போர்டே அதை ஆராய்ந்து, 1919-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றார். சீரத்தில் உள்ள எதிர்ப்பொருளுக்குத் துணையாக நின்று கிருமிகளைக் கொல்வது அதன் பணி. இத்தொகுதியில் 30-க்கும் மேற்பட்ட புரதங்கள் உள்ளன. சி1, சி2, சி3 என்று அவற்றில் பலவற்றுக்கு எண்ணிட்டுப் பெயர். ஒன்று வெட்டப்பட்டால் அது அடுத்ததை வெட்டும், அது அதற்கடுத்ததை. இவ்வாறு வெட்டும்போது தெறிக்கும் சிறு துணுக்குகளிலேயே அந்தக் குரல் இருந்தது. ஐந்தாம் புரதத்திலிருந்து தெறிக்கும் சி5ஏ என்ற துணுக்கு வெள்ளையணுக்களைத் தன்பால் இழுக்கிறது என்பதை 1968-இல் ஆய்வாளர்கள் மெய்ப்பித்தனர். எறும்புகள் சர்க்கரை இருக்கும் இடம் நோக்கி வருவதுபோல, வெள்ளையணுக்கள் சி5ஏ மிகுந்த இடத்தை நோக்கி நகர்கின்றன. வந்து சேர்ந்தபின், கிருமிகளைக் கரைப்பதற்காக வைத்திருக்கும் நொதிகளைக் கிளாமருலஸ் சுவரின்மீது கொட்டிவிடுகின்றன. சிதைவது நம் சுவர்.

அணையாத சுற்று

நாகப்பாம்பின் நஞ்சு இந்தக் கதைக்குள் நுழைவது இந்த இடத்தில்தான். அந்நஞ்சில் உள்ள ஒரு புரதத்தை விலங்குக்குச் செலுத்தினால், இரத்தத்தில் உள்ள சி3 அனைத்தும் விரைவில் வெட்டுண்டு தீர்ந்துபோகும். 1970-இல் கோக்ரேன் குழுவினர் இதைக் கொண்டு காம்ப்ளிமென்ட்டைத் தீர்த்துவிட்டு, பல அழற்சிகளில் அதன் பங்கை அளந்தனர். பாம்பு நஞ்சு எப்படி இதைச் செய்கிறது? சி3 வெட்டப்பட்டு உண்டாகும் ஒரு துண்டு, மேலும் சி3யை வெட்டும் நொதி ஒன்றை அமைக்கிறது. விளைவு தன் காரணத்தையே வளர்க்கிறது. ஒலிபெருக்கிக்கு முன் மைக்கைக் கொண்டுபோனால் 'கீச்' என்று அலறுமே, அதே நேர்ப் பின்னூட்டம்! இந்த அலறல் மிகாமல் இருக்க இயற்கை செய்துள்ள ஏற்பாடு, அந்த நொதி விரைவில் உடைந்துவிடுவதே. அதன் அரைவாழ்வு ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். நாக நஞ்சின் புரதத்தோடு அமையும் நொதிக்கோ அரைவாழ்வு சுமார் 7 மணி நேரம். அலறல் நிற்பதே இல்லை. சி3 முழுதும் கரைகிறது.

பாம்பு கடிக்காத சில குழந்தைகளின் இரத்தத்திலும் சி3 இப்படியே கரைந்து கிடந்தது. 1965-இல் அமெரிக்காவில் சின்சினாட்டி நகரின் கிளார்க் வெஸ்ட் குழுவினர், சி3 அளவு தாழ்ந்தே இருக்கும் ஒரு நீடித்த சிறுநீரக அழற்சியை விவரித்தனர். 1969-இல் ஸ்பிட்சரும் உடனிருந்தோரும், அந்நோயாளிகளின் சீரத்தை நல்ல சீரத்தோடு கலந்தால் நல்ல சீரத்தின் சி3யும் உடைகிறது என்று காட்டினர். சீரத்தில் ஏதோ ஒரு பொருள் இதைச் செய்கிறது. 1976-இல் அதன் செயல் விளங்கியது. அது அந்த நொதியைப் பற்றிக்கொண்டு உடையாமல் நிறுத்தி வைக்கும் ஓர் எதிர்ப்பொருள். நாகம் தன் நஞ்சில் செய்து வைத்திருப்பதை, இந்த நோயாளியின் உடல் தனக்கே செய்துகொள்கிறது. இங்கே கிருமியும் இல்லை, அந்நியப் புரதமும் இல்லை. அபாய அறிவிப்பு அணையாமல் ஒலித்துக்கொண்டே இருப்பதுதான் நோய்.

அணுக்கள் விடுக்கும் செய்திகள்

அழைக்கும் மூலக்கூறுகள் காம்ப்ளிமென்ட்டோடு முடிந்துவிடவில்லை. கடுமையான அழற்சியில் கிளாமருலஸைச் சுற்றிப் பிறைவடிவில் அணுக்கள் மண்டி, பந்தையே நசுக்கிவிடும். சில வாரங்களில் சிறுநீரகம் செயலிழக்கும். 1976-இல் ஆஸ்திரேலியாவின் அட்கின்ஸ் குழுவினர், இத்தகைய நோயாளிகளின் கிளாமருலஸ்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்துப் பார்த்தனர். அவற்றில் மேக்ரோஃபேஜ் எனப்படும் பெருவிழுங்கணுக்கள் நிறைந்திருந்தன. இவை இரத்தத்திலிருந்து வந்தவை. இவற்றை அழைத்தது எது? அழைத்த பின் இவை என்ன சொல்கின்றன?

வெள்ளையணுக்கள் தமக்குள் செய்தி பரிமாறும் புரதங்களுக்கு 1979-இல் சுவிட்சர்லாந்தில் கூடிய அறிஞர்கள் 'இன்டர்லூக்கின்' என்று பெயர் சூட்டினர். வெள்ளையணுக்களுக்கு இடையே என்பது அதன் பொருள். இவற்றையும், 1975-இல் விவரிக்கப்பட்ட டி.என்.எஃப். போன்றவற்றையும் சேர்த்துச் சைட்டோகைன்கள் என்கிறோம். 1983-இல் லவெட் குழுவினர் இரண்டு செய்திகளைத் தந்தனர். பெருவிழுங்கணு வெளியிடும் இன்டர்லூக்கின்-1, கிளாமருலஸின் நடுவே தந்துகிகளைத் தாங்கி நிற்கும் அணுக்களைப் பெருகச் செய்கிறது. அந்தத் தாங்கும் அணுக்களும் தம் பங்குக்கு அதே போன்ற செய்திப் பொருளை வெளியிடுகின்றன. சிறுநீரகம் அடிபட்டு வாய்மூடிக் கிடக்கும் உறுப்பு அன்று. அதுவும் கூச்சலில் கலந்து கொள்கிறது என்பது இதனால் விளங்கியது.

லண்டன் மருத்துவர்கள் நோயாளிகளின் படுக்கை அருகே கண்ட ஓர் உண்மையும் இத்தோடு இணைந்தது. வடிகட்டிச் சவ்வைத் தாக்கும் எதிர்ப்பொருள் கொண்ட நோயாளிகளுக்கு வேறெங்கோ ஒரு சாதாரணக் கிருமித் தொற்று ஏற்பட்டால், எதிர்ப்பொருளின் அளவு கூடாதபோதும் சிறுநீரகம் சட்டென்று மோசமாகியது. ரீஸ், லாக்வுட், பீட்டர்ஸ் மூவரும் 1977-இல் இதை எழுதினர். ஏன் இப்படி? 1989-இல் எலிகளில் செய்த சோதனை விடை தந்தது. எதிர்ப்பொருளைக் கொடுக்குமுன் சிறிது டி.என்.எஃப். அல்லது இன்டர்லூக்கின்-1 கொடுத்தால், அதே அளவு எதிர்ப்பொருள் அதிகச் சேதத்தை விளைவித்தது. தொற்று உடலெங்கும் இந்தச் செய்திகளைப் பரப்புகிறது. அதைக் கேட்டு ஏற்கெனவே ஆயத்தமாக நிற்கும் வெள்ளையணுக்கள், சீட்டைக் கண்டதும் கடுமையாகப் பாய்கின்றன.

மீண்டும் நம் பழைய முறை: ஒன்றை நீக்கிப் பார். அட்கின்ஸ், லான் முதலியோர் 1993-இல் இன்டர்லூக்கின்-1 வந்து அமரும் இடத்தை அடைத்துவிடும் புரதத்தை எலிகளுக்குக் கொடுத்தனர். பிறை வடிவ அழற்சி பெரிதும் அடங்கியது. 1996-இல் ஜப்பானில் வாடா குழுவினர் பெருவிழுங்கணுக்களை அழைக்கும் எம்.சி.பி.-1 என்ற செய்திப் புரதத்தை எதிர்ப்பொருளால் முடக்கினர். அங்கும் பிறைகள் குறைந்தன. எதிர்ப்பொருளை யாரும் தொடவில்லை. சீட்டு சுவரில் அப்படியே இருந்தது. இடையில் ஓடிய செய்தி மட்டுமே அறுக்கப்பட்டது.

மருந்து உருவான வழி

இந்த அறிவால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இரத்தக்குழாய்களிலும் சிறுநீரகத்திலும் அழற்சி உண்டாக்கும் ஒரு நோய் முன்பு வெகனர் நோய் என்று அழைக்கப்பட்டது. அதற்குச் சிகிச்சை இல்லாத காலத்தில் நோயாளிகள் சராசரியாக 5 மாதங்களே வாழ்ந்தனர் என்று 1958-இல் வால்டன் கணக்கிட்டார். பிறகு கார்ட்டிசோன் வகை மருந்துகளும், புற்றுநோய்க்குத் தரப்படும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் வந்தன. இவற்றைச் சேர்த்துக் கொடுத்த 85 நோயாளிகளில் 93 சதவீதத்தினருக்கு நோய் முழுதும் தணிந்தது என்று ஃபாசி குழுவினர் 1983-இல் அறிவித்தனர். பெரிய வெற்றிதான். ஆனால் இம்மருந்துகள் படை முழுவதையும் முடக்குகின்றன. நோய் தணிந்தவர்களுள் சிலர் கிருமித் தொற்றுக்கும், மலட்டுத்தன்மைக்கும், சிலர் புற்றுநோய்க்கும் ஆளாயினர். படையை முடக்காமல் தவறான அழைப்பை மட்டும் நிறுத்த முடியுமா என்ற ஆவல் இயல்பாகவே எழுந்தது.

முதல் முயற்சி தோற்றது. டி.என்.எஃப்.பை முடக்கும் எட்டனர்செப்ட் என்ற மருந்தை இதே நோயில் 180 பேரிடம் சோதித்த முடிவு 2005-இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையோடு இதைச் சேர்த்ததால் கூடுதல் பயன் ஏதும் இல்லை. மருந்து பெற்றவர்களில் 6 பேருக்குப் புற்றுக்கட்டிகள் தோன்றின. பெறாதவர்களில் ஒருவருக்கும் இல்லை. எலியில் வென்றது மனிதனில் வெல்லும் என்ற உறுதி இல்லை. ஒரே வேளையில் பல குரல்கள் ஒலிக்கும்போது, ஒன்றை அடக்கினால் மற்றவை அந்த வேலையைச் செய்துவிடலாம்.

ஆயினும் தேடல் நிற்கவில்லை. லூப்பஸ் என்ற நோயிலும் சிறுநீரகம் அழற்சியுறும். எதிர்ப்பொருளை உருவாக்கும் அணுக்களைப் பிழைத்திருக்கச் செய்யும் ஒரு செய்திப் புரதத்தை முடக்கும் பெலிமுமாப் என்ற மருந்து, 448 நோயாளிகளிடம் இரண்டாண்டுகள் சோதிக்கப்பட்டது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 32 சதவீதத்தினர் சிறுநீரகத்தில் நல்ல பலன் கண்டனர். இம்மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 43 சதவீதத்தினர். இது 2020-இல் வெளிவந்த முடிவு. வியப்பூட்டும் வித்தியாசம் இல்லை; ஆனால் உண்மையான வித்தியாசம். வெஸ்ட் 1965-இல் விவரித்த சி3 கரையும் நோயின் சில வகைகளுக்கு, அந்த அலறும் சுற்றின் ஓர் உறுப்பையே முடக்கும் இப்டாகோபான் என்ற மருந்து 2025-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நோயைக் கண்டதற்கும் அதன் காரணத்தைத் தொடும் மருந்துக்கும் இடையே சரியாக 60 ஆண்டுகள்.

இத்தகைய மருந்துகள் விலை மிகுந்தவை. அது மட்டுமன்று. இவை தடுக்கும் ஒவ்வொரு செய்தியும் நம்மைக் காக்க அமைந்த செய்தியே. காம்ப்ளிமென்ட்டைத் தடுக்கும் மருந்துகளை எடுப்போருக்கு மூளைச்சவ்வுக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமிகளால் ஆபத்து மிகுதி. ஆகவே அவர்களுக்கு அதற்கெனத் தடுப்பூசி போட வேண்டியிருக்கிறது. எந்தச் செய்தியை, எவரிடத்தில், எவ்வளவு காலம் நிறுத்துவது என்பதே இன்றைய ஆய்வாளர்கள் முன் நிற்கும் கேள்வி.

நம் வீட்டுக் குழந்தைக்கு

இது ஏதோ அயல்நாட்டு ஆய்வுக்கூடக் கதை என்று எண்ணிவிட வேண்டாம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் சிறுநீரக அழற்சி நம் நாட்டுக் குழந்தைகளிடம் இன்றும் காணப்படுவதே. இங்கே தொண்டைப் புண்ணைப் போலவே, சொறி சிரங்கைச் சொறிந்து சீழ் வைத்த புண்ணும் அதற்குக் காரணமாகிறது. புண் ஆறி ஒன்றிரண்டு வாரம், சில வேளை அதற்கும் மேல் சென்றபின், காலையில் எழும்போது குழந்தையின் கண்ணிமைகள் வீங்கியிருக்கும். சிறுநீர் குறைந்து, பால் சேர்க்காத தேநீரின் நிறத்தில் போகும். 'தூக்கம் போதவில்லை', 'உடம்புச் சூடு' என்று தள்ளிப் போடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீரையும் இரத்த அழுத்தத்தையும் பார்ப்பது எளிய சோதனை. ஆனால் அழுத்தம் மிகுந்து வலிப்பு வருவதை அது தடுக்கக்கூடும்.

மருத்துவர் இரத்தத்தில் சி3 அளவையும் பார்க்கச் சொல்லலாம். ஸ்கார்லெட் காய்ச்சலைத் தொடர்ந்த சிறுநீரக நோயில் காம்ப்ளிமென்ட் குறைகிறது என்று 1914-இலேயே கன் என்ற மருத்துவர் எழுதியிருந்தார். ஏன் குறைகிறது என்று அப்போது எவருக்கும் தெரியாது. இன்று தெரியும்: அது அழைப்பு விடுப்பதில் செலவாகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு நோய் தானே தணிந்து, சுமார் எட்டு வாரத்துக்குள் சி3 பழைய அளவுக்குத் திரும்பிவிடும். அப்படித் திரும்பினால் கவலை குறைவு. திரும்பவில்லையானால், அலறும் சுற்று அணையவில்லையோ என்று மருத்துவர் ஐயுற்று மேலும் ஆராய்வார்.

ஆகவே, குழந்தை தேறிவிட்டது என்று அந்த இரண்டாவது இரத்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.